பள்ளிப் பையனின் தோளுக்கு விலை பேசுகிறார்கள்!

அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. ஒருவன் பந்தை வீசுகிறான். இன்னொருவன் உருண்டைக் கட்டையால் அடிக்கிறான். அடித்தவன் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். கிரிக்கெட் தெரிந்த நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாம் எழுத வந்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல. அந்த ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கும் முறையைப் பற்றி. பதினாறு, பதினேழு வயதுப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, அளந்து, தரம் பிரித்து, விலை வைத்து, பெயர் எழுதிக்கொள்ளும் பெரிய வியாபாரத்தைப் பற்றி.

"அமெரிக்கப் பையன் எந்தக் கம்பெனிக்குப் பந்து வீசினால் நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முதலாளித்துவப் பத்திரிகைகள் இந்த வியாபாரத்தை நம் இளைஞர்களிடம் எப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள். "ஏழை வீட்டுப் பையன்; ஒரே நாளில் கோடீஸ்வரன்; திறமை இருந்தால் யாரும் உயரலாம்" என்பதே பாட்டு. இந்தப் பாட்டைக் கேட்டுத் தங்கள் பிள்ளையின் படிப்பை நிறுத்தி மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர் உலகமெங்கும் இருக்கிறார்கள். பாட்டில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பித்தலாட்டம் என்று கணக்குப் பார்ப்பது நம் கடமை.

வேலிக்குப் பின்னால் நிற்பவர்

ஒவ்வோராண்டும் வசந்த காலத்தில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மைதானங்களில் வேலிக்குப் பின்னால் சில மனிதர்களைக் காணலாம். கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். மடியில் ஒரு நோட்டு. துப்பாக்கி போல் நீட்டிப் பிடித்தால் பந்தின் வேகத்தைச் சொல்லும் ஒரு கருவி. இவர்களுக்கு 'ஸ்கவுட்' என்று பெயர். நம் பள்ளிகளில் காக்கி உடுத்தும் சாரணர் அல்ல. பெரிய லீகின் 30 கம்பெனிகளுக்கும் ஆள் தேடிக் கொடுக்கும் உத்தியோகஸ்தர்கள்.

அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்டம், எறியும் கை, பந்து தடுத்தல் என்று ஐந்து குணங்களை இவர்கள் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மார்க்கு. 50 என்றால் பெரிய லீகில் சராசரி ஆட்டக்காரனின் தரம். இன்றைய மார்க்கு ஒன்று, நாளை வளர்ந்து வந்தால் எட்டக்கூடிய மார்க்கு ஒன்று என்று இரண்டு பத்தி எழுதுவார்கள். பையனின் தோள் எவ்வளவு அகலம், தகப்பன் எவ்வளவு உயரம், இன்னும் எத்தனை அங்குலம் வளர்வான் என்பதெல்லாம் குறிப்பில் ஏறும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். இதுவும் அந்த வகைதான். நாகரிகம் மட்டும் கூடுதல்.

ஸ்கவுட்டின் வேலை லேசானது என்று நாம் சொல்லவில்லை. பதினேழு வயதுப் பையன் இருபத்தைந்து வயதில் என்ன ஆவான் என்று ஊகிப்பது மிகக் கடினம். 1988-இல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட மைக் பியாஸா பின்னாளில் ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். 1999-இல் 13-ஆவது சுற்றில் 402-ஆவதாக எடுக்கப்பட்ட ஆல்பர்ட் புஹோல்ஸ் 700-க்கு மேல் ஹோம் ரன் அடித்தார். 1966-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஸ்டீவ் சில்காட் பெரிய லீகில் ஒரு நாள்கூட ஆடவில்லை. ஆகவே இது சூதாட்டம் போன்றது. சரி, சூதாட்டமென்றே வைத்துக்கொள்வோம். பந்தயத்தில் தோற்றால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? அதுதான் நம் கேள்வி.

ஏலத்தை ஒழித்தவர்கள் யார்?

1964-ஆம் ஆண்டு வரை திறமையுள்ள பையனை எந்தக் கம்பெனியும் தேடி வந்து விலை பேசலாம். அவ்வாண்டு ரிக் ரைக்கார்ட் என்ற கல்லூரி இளைஞருக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் கம்பெனி 2,05,000 டாலர் கொடுத்தது. முதலாளிகள் பதறிப் போனார்கள். சந்தைப் போட்டியைப் பற்றி நமக்கு நாள்தோறும் உபதேசம் செய்கிறவர்கள், தங்களுக்குள் போட்டி வந்தவுடன் என்ன செய்தார்கள் தெரியுமா? போட்டியையே ஒழித்துவிட்டார்கள்!

1965 ஜூன் முதல் 'டிராஃப்ட்' என்ற வரிசைத் தேர்வு வந்தது. கம்பெனிகள் முறை வைத்து ஒவ்வொரு பையனாகப் பெயர் சொல்லும். ஒரு கம்பெனி பெயர் சொல்லிவிட்டால் மற்ற கம்பெனிகள் அந்தப் பையனுடன் அந்த ஆண்டு பேசக் கூடாது. அவனுக்கு இரண்டே வழி: கொடுத்ததை வாங்கிக்கொள், அல்லது கல்லூரிக்குப் போ. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடியும் வரை, அல்லது 21 வயது ஆகும் வரை, மறுபடி வரிசைக்கு வர முடியாது.

எந்த மில்லிலாவது முதலாளிகள் கூடி, "இந்தத் தொழிலாளி உனக்கு, அந்தத் தொழிலாளி எனக்கு" என்று பங்கு போட்டால் அது சட்டப்படிக் குற்றம். ஏகபோகத் தடைச் சட்டம் அமெரிக்காவிலும் உண்டு. ஆனால் 1922-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கிடையே நடக்கும் வர்த்தகம் அல்ல என்று தீர்ப்பளித்து, அந்தச் சட்டத்திலிருந்து இந்த முதலாளிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. 1953-இலும் 1972-இலும் அதே தீர்ப்பை உறுதி செய்தது. 1972 வழக்கைப் போட்டவர் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பு ஆட்டக்காரர். தம்மைக் கேளாமல் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு மாற்றியதை எதிர்த்து நின்றார். வழக்கிலும் தோற்றார், ஆட்ட வாழ்வையும் இழந்தார். ஆனால் அவர் திறந்த பாதையில் சங்கம் போராடி, 1975-இல் நடுவர் தீர்ப்பின் மூலம் பெரிய லீக் ஆட்டக்காரர்களை ஆயுள் அடிமைத்தனத்திலிருந்து மீட்டது. அந்தச் சங்கத்தை நடத்தியவர் உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பழகிய மார்வின் மில்லர்.

பெரியவர்கள் விடுதலை பெற்றார்கள். பள்ளிப் பையன்கள்? 2012 முதல் அவர்கள் கழுத்தில் இன்னொரு கயிறு விழுந்தது. முதல் பத்துச் சுற்றுகளுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தொகை. அந்தத் தொகைகளைக் கூட்டினால் வருவது ஒரு கம்பெனியின் மொத்த நிதி. அதை மீறிச் செலவு செய்தால் அபராதம். மேலும் மீறினால் அடுத்த ஆண்டுத் தேர்வில் இடம் பறிபோகும். 2025 ஜூலையில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் 17 வயதுப் பள்ளி மாணவர். அந்த இடத்துக்குக் குறித்த தொகை 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல். அவர் கையெழுத்திட்டது 82 லட்சத்துக்கு. மீந்ததைக் கம்பெனி வேறு பையன்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒருவன் கூலியைக் குறைத்து இன்னொருவன் கூலிக்கு ஈடுகட்டும் இந்தக் கணக்கில் முதலாளியின் பை மட்டும் குறையவே குறையாது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். இந்த விதிகள் முதலாளிகளும் பெரிய லீக் ஆட்டக்காரர் சங்கமும் போடும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றன. பள்ளிப் பையன் அந்தச் சங்கத்தில் அங்கத்தினன் அல்ல; அவனுக்கு ஓட்டும் இல்லை. மேஜையில் உட்காராதவன் பங்கு மற்றவர் தட்டுக்குப் போவது புதிதல்ல. சீனியர் தொழிலாளிக்குச் சலுகை வாங்க, இனி வேலைக்குச் சேரப் போகிறவனின் உரிமையை விட்டுக்கொடுப்பது எந்தச் சங்கத்துக்கும் அழகல்ல. சங்கத்தை மதிக்கிறவர்கள் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறோம்.

ஒரு கொத்தனார் மகனின் கதை

1991-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் வட கரோலினா மாநிலத்துக் கடலோரப் பகுதியைச் சேர்ந்த பிரையன் டெய்லர் என்ற கறுப்பு இளைஞர். தகப்பனார் கொத்தனார், தாயார் நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கூலி வேலை செய்தவர். இடக்கையால் பந்து வீசினால் மின்னல். நியூயார்க் யாங்கீஸ் கம்பெனி முதலில் 3 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. முந்தின ஆண்டு டெக்ஸாஸைச் சேர்ந்த ஒரு வெள்ளை மாணவனுக்கு வேறொரு கம்பெனி 12 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தது. "என் மகன் அவனுக்கு எதில் குறைந்தவன்?" என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு அந்தத் தாய் அசையாமல் நின்றார். கடைசியில் 15,50,000 டாலருக்கு ஒப்பந்தமாயிற்று. நண்டு உடைத்த கை, நியூயார்க் கோடீஸ்வரரின் கையை மடக்கியது. இதை நாம் மனதாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் 1993 டிசம்பரில் தன் சகோதரனுக்காகப் போன இடத்தில் நடந்த ஒரு கைகலப்பில் அவர் தோள் கிழிந்தது. ஆபரேஷன் நடந்தது, பழைய வேகம் திரும்பவில்லை. பெரிய லீகில் ஒரு பந்துகூட வீசாமல் அவர் ஆட்டம் முடிந்தது. இதில் கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. சண்டை அவர் ஊரில் நடந்தது. நாம் காட்ட விரும்புவது வேறு. பதினெட்டு வயதிலிருந்து ஒரே ஒரு தோளை மட்டும் நம்பி வாழப் பழக்கப்பட்ட இளைஞனுக்கு, அந்தத் தோள் போனால் பிழைக்க வேறு தொழில் கற்பிக்கப்படவில்லை.

2014-இல் நடந்ததையும் கேளுங்கள். சான் டியாகோ நகரப் பள்ளி மாணவர் பிராடி ஏக்கனை ஹூஸ்டன் கம்பெனி முதல் ஆளாக எடுத்து, 65 லட்சம் டாலர் தருவதாகப் பேசியது. வைத்தியப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரில் ஏதோ வித்தியாசம் என்று சொல்லித் தொகையைக் குறைத்தது. அவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். உடனே அவர் இடத்துக்கு உரிய தொகை முழுதும் கம்பெனியின் நிதியிலிருந்து கழிந்தது. அதனால் ஐந்தாம் சுற்றில் எடுத்து 15 லட்சம் டாலர் பேசி முடித்திருந்த ஜேக்கப் நிக்ஸ் என்ற இன்னொரு பையனின் ஒப்பந்தமும் முறிந்தது! அந்தப் பையன் கையில் குறை இல்லை. பேச்சில் குறை இல்லை. எவனோ ஒருவனுடைய முழங்கைக்காக இவன் தெருவில் நின்றான். இதன் பின் வந்த 2022 ஒப்பந்தத்தில், முன்கூட்டிப் பரிசோதனைக்கு உட்படும் மாணவனுக்குக் குறித்த தொகையில் 75 சதவிகிதமாவது கிடைக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்லது. அடிபட்டவன் சத்தம் போட்டால்தான் விதி மாறும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

உடைவது யார் கை?

ஸ்கவுட்டின் கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் ஏறினால் விலை ஏறும். ஆகவே பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பிள்ளைகள் முழு பலத்தோடு எறியப் பழகுகிறார்கள். பள்ளிப் பருவம் முடிந்தால் தனியார் குழுக்கள். அது முடிந்தால் பணம் கட்டிக் கலந்துகொள்ளும் 'காட்சி' ஆட்டங்கள். ஆண்டு முழுவதும் கைக்கு ஓய்வில்லை.

பலன் என்ன? 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற ஆட்டக்காரரின் முழங்கையில் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக வேறோர் இடத்து நாரை எடுத்துப் பொருத்தினார். அந்த ஆட்டக்காரர் பெயராலேயே இந்த ஆபரேஷன் இன்று வழங்குகிறது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவின் தனியார் இன்ஷூரன்ஸ் பதிவுகளில் இருந்த இந்த ஆபரேஷன்களை ஆராய்ந்து 2015-இல் வந்த மருத்துவ ஆய்வு, அவற்றில் 56.7 சதவிகிதம் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்குச் செய்யப்பட்டவை என்று காட்டியது. பிழைப்புக்காக ஆடும் பெரியவர்களைவிடப் பிழைப்புக் கிடைக்குமென்று நம்பும் சிறுவர்களே கத்தியின் கீழ் அதிகம் படுத்தார்கள்!

பெரிய லீகின் நிர்வாகமே 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2008-இல் மணிக்கு 91.3 மைலாக இருந்த வேகப்பந்தின் சராசரி 2024-இல் 94.2 மைலாக உயர்ந்தது. பெரிய, சிறிய லீகுகளில் இந்த ஆபரேஷன்கள் 2010-இல் 104, 2024-இல் 281. வேகத்தின் மேல் உள்ள மோகமே முக்கிய காரணம் என்று அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் வேகத்துக்கு விலை வைத்தது யார்? பையனா? பயிற்சியாளனா? விலைப்பட்டியலை எழுதிய கையே "பிள்ளைகள் ஏன் இப்படி எறிகிறார்கள்?" என்று ஆச்சரியப்படுகிறது.

கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள்

அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளுக்குத்தான் இந்த வரிசைத் தேர்வு. கரீபியக் கடலில் இருக்கும் டொமினிக்கன் குடியரசுக்கு வேறு சட்டம். அங்கே 16 வயதிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சான் பெத்ரோ தெ மாகோரிஸ் போன்ற கரும்பாலை ஊர்களிலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வோராண்டும் பருவம் தொடங்கும்போது பெரிய லீகின் பட்டியலில் சுமார் 100 டொமினிக்கர் இருக்கிறார்கள். ஒரு சிறிய நாட்டுக்கு இது பெருமைதான்.

ஆனால் அந்த நூறு பேருக்குப் பின்னால் நிற்கும் ஆயிரக்கணக்கான பேர் கதி என்ன? 30 கம்பெனிகளும் அங்கே பயிற்சி முகாம் வைத்திருக்கின்றன. முகாமுக்கு முன்னால் 'புஸ்கோன்' என்ற தரகர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனைப் பள்ளியிலிருந்து பிரித்து, சோறு போட்டு, பயிற்சி கொடுத்து, ஒப்பந்தத் தொகையில் 30 சதவிகிதமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வார். இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலிகளை முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போன கங்காணியை அறிந்தவர்களுக்கு இந்தத் தரகரை விளங்கிக்கொள்வது சிரமமல்ல. சில தரகர்கள் உண்மையிலேயே பிள்ளைகளைப் பெற்ற பிள்ளை போல் பார்த்துக்கொள்கிறார்கள். கங்காணிகளிலும் நல்லவர் உண்டு. முறைதான் கெட்டது.

வயது ஏற ஏற விலை இறங்கும். ஆகவே வயதைக் குறைத்துச் சொல்லும் மோசடி பிறக்கிறது. 2006-இல் 16 வயது என்று வாஷிங்டன் கம்பெனி 14 லட்சம் டாலருக்கு எடுத்த ஓர் இளைஞர், உண்மையில் நான்கு வயது மூத்தவர் என்பதும் பெயரே வேறு என்பதும் 2009-இல் வெளியாயின. கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? 2017-இல் அட்லாண்டா கம்பெனி இந்த வெளிநாட்டுச் சிறுவர் ஒப்பந்தங்களில் பெரும் முறைகேடு செய்தது வெளிப்பட்டது. சிறுவர் பலரின் ஒப்பந்தங்கள் ரத்தாயின. பொது மேலாளருக்கு ஆயுள் தடை விழுந்தது. அந்த ஆயுள் 2023-இல் முடிந்தது. தடையை நீக்கிவிட்டார்கள்!

இன்னொரு விஷயத்தையும் நம் வாசகர்கள் மறக்கக் கூடாது. முதல் வரிசைத் தேர்வு நடந்தது 1965 ஜூன். அதற்கு ஒரு மாதம் முன்பு, 1965 ஏப்ரல் இறுதியில், அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் டொமினிக்கன் மண்ணில் இறங்கினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி ஹுவான் போஷை மீண்டும் பதவியில் அமர்த்த எழுந்த கிளர்ச்சியை அடக்குவதற்காக. ஒரு நாட்டின் அரசியலைத் துப்பாக்கியால் தீர்மானிக்கிறவர்களுக்கு அந்நாட்டுப் பிள்ளைகளின் விலையை நோட்டில் தீர்மானிப்பது பெரிய காரியமல்ல.

பார்க்கப்படுவதற்கே பணம்

"அமெரிக்காவுக்குள்ளாவது திறமைக்கு இடமில்லையா?" என்று கேட்கலாம். பார்ப்போம். இன்று ஸ்கவுட்டின் கண்ணில் படவே பணம் வேண்டும். காட்சி ஆட்டங்களுக்குக் கட்டணம். தனிக் குழுவுக்குச் சந்தா. ஊர் ஊராகப் போய்வரச் செலவு. தனிப் பயிற்சிக்குக் கூலி. கல்லூரி உதவித்தொகையோ, நெடுநாளாக ஒரு பேஸ்பால் குழுவுக்கு மொத்தமே 11.7 பேருக்கான தொகைதான். அதை 27 பேர் வரை பிய்த்துக்கொண்டார்கள். 2025-இல்தான் அந்த வரம்பு தளர்ந்தது. ஏழைப் பிள்ளை எப்படி வருவான்?

வரவில்லை. 1981-இல் பெரிய லீகில் 18.7 சதவிகிதமாக இருந்த அமெரிக்கக் கறுப்பு ஆட்டக்காரர்கள், 2025 பருவத் தொடக்கத்தில் 6.2 சதவிகிதம். 2022 உலகத் தொடரில் இரண்டு அணிகளின் ஆட்டப் பட்டியலிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. 1950-க்குப் பின் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை. "2022 தேர்வில் முதல் ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பு இளைஞர்கள் அல்லவா?" என்று நிர்வாகம் மார்தட்டுகிறது. உண்மைதான்; மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நால்வரில் மூவர், பணத்துக்காக ஆடிய பெரிய விளையாட்டு வீரர்களின் மக்கள். மெக்கானிக் மகனும் ஆஸ்பத்திரி ஆயா மகனும் எங்கே?

ஸ்கவுட்டும் கூலிக்காரரே

இதை வாசித்துவிட்டு ஸ்கவுட்டை வில்லன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆண்டில் பெரும்பகுதி காரிலும் மலிவு ஓட்டலிலும் கழிப்பவர் அவர். மழையில் நனைந்து, மூலை முடுக்குப் பள்ளியில் ஒரு திறமையைக் கண்டு எழுதியவரின் பெயர், பையன் நட்சத்திரமான பின் யாருக்கும் நினைவிருப்பதில்லை. கம்பெனிகள் ஒன்றுகூடித் தங்கள் சம்பளத்தை அமுக்குகின்றன என்று ஸ்கவுட்டுகள் 2015-இல் வழக்குத் தொடுத்தார்கள். என்ன ஆயிற்று? அதே 1922 தீர்ப்பின் விலக்கைக் காட்டி 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது. பிள்ளைக்குப் போட்ட விலங்கு பிள்ளை பிடிக்கிறவருக்கும் பொருந்தியது! வயதான ஸ்கவுட்டுகள் வயதைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டோம் என்று 2023-இல் இன்னொரு வழக்குத் தொடுத்தார்கள். காமிராவும் கணக்கு யந்திரமும் வந்த பிறகு முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இவர்களே.

ஸ்கவுட்டுக்கும் பையனுக்கும் எதிரி ஒருவரே. இதை அவர்கள் எவ்வளவு சீக்கிரம் உணர்கிறார்களோ அவ்வளவு நல்லது.

ஒற்றுமை செய்து காட்டியது

அப்படி உணர்ந்தால் என்ன நடக்கும்? நடந்ததையே சொல்கிறோம். வரிசையில் எடுக்கப்பட்ட பையன் நேரே பெரிய லீகுக்குப் போவதில்லை. சிறிய லீகுகளில் பல ஆண்டு கிடக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'பண்ணை'. பெரும்பாலோர் அந்தப் பண்ணையிலேயே முடிந்துபோகிறார்கள். அங்கே ஆரம்ப மட்டத்தில் ஆண்டுக்கு 4,800 டாலர் கூலி. அதற்கு மேல் மட்டத்தில் 11,000. குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி கொடு என்று 2014-இல் வழக்குப் போட்டால், 2018-இல் முதலாளிகள் பாராளுமன்றத்தில் ஒரு பெரிய செலவு மசோதாவுக்குள் ஒரு விதியைச் செருகி, மிகைநேரக் கூலியிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். அந்த விதிக்கு "அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்" என்று பெயர்! யாருடைய வயிற்றில் அடித்துக் காப்பாற்றினார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆனாலும் பிள்ளைகள் ஓயவில்லை. வழக்கு 2022-இல் 18 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் சிறிய லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 மார்ச்சில் முதல் ஒப்பந்தம். 4,800 டாலர் 19,800 ஆயிற்று. 11,000 டாலர் 26,200 ஆயிற்று. மேல் மட்டத்தில் 17,500 டாலர் 35,800 ஆயிற்று. நூறாண்டு கெஞ்சிக் கிடைக்காதது, ஏழு மாதச் சங்கத்தில் கிடைத்தது. இதைவிடச் சங்கத்துக்கு வேறு பிரசாரம் தேவையா?

இந்த ஒப்பந்தத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. கம்பெனி ஒருவனைப் பண்ணையில் கட்டிவைக்கும் காலம் ஏழு ஆண்டிலிருந்து ஆறாகக் குறைந்தது. ஆனால் 19 வயதிலோ அதற்கு மேலோ சேருகிறவனுக்கு மட்டும். பள்ளியிலிருந்து நேரே வரும் பதினெட்டு வயதுப் பையனுக்குப் பழைய ஏழுதான். யார் மிகச் சிறியவனோ அவனுக்கே நீண்ட கயிறு.

ஒரு பத்திரிகை செய்த வேலை

விளையாட்டைப் பற்றி நம் பத்திரிகை ஏன் எழுத வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சரித்திரம். 1947 வரை பெரிய லீகில் கறுப்பு மனிதருக்கு இடமில்லை. ஸ்கவுட்டுகள் கறுப்பர் ஆடும் மைதானத்துப் பக்கமே போகமாட்டார்கள். இந்த அநீதியை எதிர்த்து 1936 முதல் பத்தாண்டுக்கு மேல் விடாமல் எழுதியவர், நியூயார்க் கம்யூனிஸ்ட் தினசரி 'டெய்லி ஒர்க்க'ரின் விளையாட்டு ஆசிரியர் லெஸ்டர் ராட்னி. வெண்டல் ஸ்மித் போன்ற கறுப்புப் பத்திரிகையாளர்களும் இடைவிடாது போராடினார்கள். 1945 ஆகஸ்டில் புரூக்ளின் கம்பெனி ஒரு ஸ்கவுட்டை அனுப்பி ஜாக்கி ராபின்சனை அழைத்து வரச் செய்தது. 1947 ஏப்ரல் 15-இல் அவர் களத்தில் இறங்கினார். புகழெல்லாம் கம்பெனித் தலைவருக்குப் போயிற்று. அவருடைய பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேலியை ஆட்டி ஆட்டித் தளர்த்தியவர்கள் வேறு பலர்.

பணம் கொடுப்பது குற்றமா?

நம்மை எதிர்ப்பவர்கள் கேட்பார்கள்: "ஏழைப் பையனுக்கு 80 லட்சம் டாலர் கொடுப்பது சுரண்டலா? கியூபாவில் பாருங்கள், அங்கிருந்து ஓடி வருகிறார்களே!"

கியூபாவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. புரட்சிக்குப் பின் பணத்துக்காக ஆடும் ஆட்டத்தை ஒழித்து, 1961-இல் அரசாங்க விளையாட்டு நிறுவனம் அமைத்து, பணம் வாங்காமல் கிராமப் பிள்ளைகளையும் தேடிப் பயிற்சி கொடுத்தார்கள். 1992, 1996, 2004 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார்கள். அதே கியூபாவிலிருந்து நல்ல கூலி தேடிப் பலர் வெளியேறியதும் உண்மை. ஆட்கடத்தல்காரர்களின் படகில் உயிரைப் பணயம் வைத்து வந்தவர்களும் உண்டு. அதைத் தடுக்க 2018 டிசம்பரில் பெரிய லீகும் கியூபச் சம்மேளனமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. நேர் வழியில் வரலாம், போகலாம். 2019 ஏப்ரலில் அதை ரத்து செய்தது யார்? வாஷிங்டன் சர்க்கார்! கடத்தல்காரனுக்கு வேலை கொடுத்தது யாரென்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

80 லட்சம் விஷயத்துக்கு வருவோம். 2019 வரை ஆண்டுக்கு 40 சுற்றுகளில் 1,200 பேரை எடுத்தார்கள். 2021 முதல் 20 சுற்றுகள். 600-க்குச் சற்று மேல். அதில் 80 லட்சம் போன்ற தொகை வாங்குகிறவர் முன்வரிசைச் சிலர். அந்தச் சிலரின் படத்தைத்தான் பத்திரிகைகள் போடுகின்றன. பரிசு விழுந்தவன் படத்தைப் போட்டு லாட்டரி சீட்டு விற்பது நமக்குத் தெரியாததா?

நம் நாட்டிலும் இந்தச் சீட்டு ஒருமுறை விற்றது. 2008-இல் ஓர் அமெரிக்க விளம்பரக்காரர் இங்கே வந்து, வேகமாகப் பந்து எறியும் பையனைத் தேடித் தொலைக்காட்சிப் போட்டி நடத்தினார். ஈட்டி எறியப் பயின்ற உத்தரப் பிரதேசத்துக் கிராமத்து இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் தேறி, பிட்ஸ்பர்க் கம்பெனியில் சேர்ந்தார்கள். தினேஷ் இரண்டே ஆண்டில் ஊர் திரும்பினார். ரிங்கு பல ஆண்டு உழைத்தும், கைக் காயங்களால் பெரிய லீகை எட்டாமல், பின்னர் மல்யுத்தக் காட்சிக்குப் போனார். இருவரும் தைரியசாலிகள்; நாம் தலைவணங்குகிறோம். 2014-இல் வந்த சினிமா, ஒப்பந்தம் கிடைத்த இடத்தோடு முடிந்துவிட்டது. வாழ்க்கை அங்கே முடியவில்லை.

என்ன வேண்டும்?

திறமையைத் தேடுவது நல்ல காரியம். மூலையில் கிடக்கும் பிள்ளையைக் கண்டெடுத்து உலகுக்குக் காட்டுவது உயர்ந்த காரியம். நாம் எதிர்ப்பது தேடுவதை அல்ல. தேடிக் கண்டதைச் சொத்தாக்கிக்கொள்வதை. ஆகவே அமெரிக்கத் தொழிலாளர் இயக்கமும் ஆட்டக்காரர் சங்கமும் இவற்றைக் கோர வேண்டும் என்பது நம் கருத்து:

பள்ளி மாணவர்களின் தலைவிதியை எழுதும் பேச்சுவார்த்தையில் அவர்கள் பிரதிநிதிக்கு இடம் வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பின்னும், ஆட்டத்தில் கெட்ட கைக்கும் தோளுக்கும் வைத்தியம் கம்பெனி பொறுப்பாக வேண்டும். பதினாறு வயது வரை, டொமினிக்கன் பிள்ளையானாலும் டெக்ஸாஸ் பிள்ளையானாலும், பள்ளிப் படிப்பு நிற்கக் கூடாது. ஸ்கவுட்டின் கண்ணில் படுவதற்குப் பணம் வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஸ்கவுட்டுகளுக்கும் சங்கம் வேண்டும். 1922-இல் கொடுத்த விலக்கை முழுதாக ரத்து செய்ய வேண்டும்.

2022 மார்ச்சில் போட்ட பெரிய லீக் ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 டிசம்பர் 1 வரை. அடுத்த ஒப்பந்தத்தைப் பேசும் மேஜையில் முதலாளிகள் தங்கள் கணக்கோடு வருவார்கள், அதில் சந்தேகமில்லை. உட்கார்ந்திருக்கும் பெரிய ஆட்டக்காரர்கள், தாங்களும் ஒரு காலத்தில் வேலிக்கு இப்பால் நின்று, நோட்டோடு நின்ற மனிதரை ஓரக்கண்ணால் பார்த்த பையன்கள்தான் என்பதை நினைவில் வைத்துப் பேசட்டும். சிறிய லீக் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் கதவு திறந்தது; கூலி இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆயிற்று. அந்தக் கதவைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும்.